கூலியை மட்டும் கழிக்கச் சொன்னவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரிய மனிதர் தன் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டிக்கொண்டார். இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் கருவி. ஐயா பறக்கப்போவதோ எங்கள் தெரு நெரிசலில்! கருவியின் விலைக்கு அவர் வாயே திறக்கவில்லை. மெக்கானிக் அண்ணன் ஒரு வாரம் முதுகொடிய உழைத்த கூலியை பில்லில் பார்த்ததும், "நாலு போல்ட்டு முறுக்க இவ்வளவா? கழிம்மா" என்று பில் போடும் என்னிடம் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார்.

"சரிங்க சார். கழட்டி டப்பாவுல போட்டுத் தர்றோம், நீங்களே முறுக்கிக்கோங்க" என்றேன். நானேதான், அப்பா! அண்ணன் உடனே ஸ்பேனரை எடுத்தார். ஐயா முனகிக்கொண்டே முழுசாகக் கட்டினார்.

திங்கள் முதல் எனக்குப் பின்னறையில் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அங்கே பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டால் உடனே வைத்துவிடாதீர்கள். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்