வலை கிடந்த இடத்து மேடு

ஜூலை 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். காத்திவாக்கம் ஸ்டேஷன்ல நிக்கும்போதே துணி நனைஞ்சாச்சு. கொருக்குப்பேட்டையில கூட்ஸ் வண்டிக்காக ரயிலை நிறுத்தி உயிரை வாங்கிட்டான். பக்கத்து சீட்டு அம்மா, இன்னா வேலைம்மா உனக்குன்னு கேட்டாங்க. கடலுக்கு அடியில பாறை எப்படி மடிஞ்சு கிடக்குன்னு கம்ப்யூட்டர்ல படம் போடறேன்னேன். கப்பல்லேர்ந்து சத்தம் அனுப்புவாங்க, பாறையில பட்டு திரும்பி வரும், அதை வச்சு எண்ணெய் எங்க தேங்கியிருக்கும்னு பார்ப்போம். "கடலுக்கே ஸ்கேனா!" அதோட தூங்கிட்டாங்க.

ராயபுரம் ஆபீஸ். ஏசி அவுட். எனக்கு முன்னாடி இருந்தவன் பாதியில விட்டுட்டுப் போன மாடல் இப்போ என் தலையில. நடுவுல அழகா ஒரு மேடு. எண்ணெய் தேங்கறதுக்குன்னே கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி. மேனேஜர் பாலாஜி சாருக்கு வாயெல்லாம் பல்லு. வெள்ளிக்கிழமை மும்பைலேர்ந்து பெரியவங்க வர்றாங்களாம், மேட்டு உச்சியில கிணறு தோண்ட இடம் குறிச்சு நான் கையெழுத்து போடணுமாம்.
வாங்கணும்: கொசுவத்தி, இஞ்சி, நைனாவுக்கு பிபி மாத்திரை.

ஜூலை 9, செவ்வாய்
மேடு சரியில்லை. பாறை இவ்ளோ ஒழுங்கா இருக்கவே இருக்காது. எங்கயாவது முறிஞ்சிருக்கும், வழுக்கியிருக்கும். இது வழவழன்னு கீது. மாடலை மூடிட்டு, சர்வே கப்பல் போன வழியை மட்டும் மேப்ல போட்டுப் பார்த்தேன். நடுவுல பெரிய ஓட்டை. கப்பல் அங்க போகவே இல்லை, சுத்திக்கினு போயிருக்கு. டேட்டா இல்லாத இடத்தை சாஃப்ட்வேர் தானா நிரப்பிடும். எங்க நிரப்பினோம்னு குறிச்சு வைக்கணும். அந்த மகராசன் வைக்கலை. மேடே சாஃப்ட்வேர் போட்டது. அது மேல கிணறு. எங்க போய் முட்டிக்கிறது.

அப்புறம்தான் உறைச்சது, அது எந்த இடம்னு. தை மாசம் அந்தக் கப்பல் வந்தப்போ, வலையை எடுங்கன்னு மைக்ல கத்தினான். நைனாவும் எங்க குப்பத்து ஆளுங்களும் முடியாதுன்னுட்டாங்க. வலை விட்டாச்சு, மீன் ஏறுற நேரம். கப்பல்தான் வளைஞ்சு போச்சு. அன்னிக்கு வூட்ல எறா பிரியாணி. நானும் வளைச்சுக் கட்டினேன்.

ஜூலை 10, புதன்
காத்துல உரக் கம்பெனி அமோனியா நாத்தம். கண்ணு எரிச்சல். பக்கத்து டேபிள் ரஹீமாகிட்ட மட்டும் சொன்னேன். கம்முனு இருன்னா. சொன்னா கப்பல் திரும்ப வரும், உங்க ஆளுங்களைத்தான் கரையில உக்கார வைப்பான், உனக்கு ஏன் இந்த பேஜாருன்னா.

சரிதான். சொல்லலைன்னா மட்டும்? துளை போடற மேடையைக் கடல்ல நிறுத்தி, மாசக்கணக்குல ஒரு போட்டையும் கிட்ட விடமாட்டான். கடைசியில ஒண்ணும் கிடைக்காது. கையெழுத்து என்னுது. எப்படிப் பார்த்தாலும் என் வூட்டு சோத்துலதான் மண்ணு. எரிச்சலா வருது.
கீபோர்டுல எறும்பு. எவ முறுக்கு தின்னது?

ஜூலை 11, வியாழன்
சொல்லிட்டேன். பாலாஜி சார் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சின்ன ஓட்டைதானேம்மா, சுத்தி டேட்டா இருக்கேன்னாரு. கிணறு தோண்டற இடமே ஓட்டை சார்னேன். நிரப்பினதை எடுத்துட்டு ஸ்க்ரீன்ல காமிச்சேன். மேடு காணோம். அப்புறம் சொன்னாரு பாருங்க:

"நீங்க அந்த ஊர்தானே? வலையை எடுக்கச் சொல்லி நீங்களே பேசிடுங்க."

பேசிடணுமாம். பால் பாக்கெட் வாங்கிட்டு வர்ற மாதிரி.

ஜூலை 12, வெள்ளி
மும்பை ஆளுங்க வரலை. கப்பல் அடுத்த மாசம் வருதாம், ஓட்டையை மட்டும் அடைக்க. சாயங்காலம் தூறல். நைனா வாசல்ல வலை கிழிசல் தைச்சுக்கினு இருந்தாரு. பக்கத்துல உக்காந்து மொத்தத்தையும் சொன்னேன். கை நிக்கவே இல்லை.

"நாங்க வலை வுட்ட எடத்துல மலை மொளைச்சிச்சா?"

"கம்ப்யூட்டர்ல மட்டும், நைனா."

"கப்பலை யாரு திரும்பக் கூப்ட்டது?"

"நான்தான்."

அப்பதான் கை நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலாண்ட ஊர்க்கூட்டம், அங்க வந்து கேளுன்னாரு. "முடியாதுன்னு மொதல்ல எந்திரிக்கிறது நானாத்தான் இருப்பேன். மனசுல வெச்சுக்காத."

கோவம், அழுகை, ரெண்டும். வெச்சுக்காதன்னா எப்படி? மாத்திரை குடுத்தேன், வாங்கிப் போட்டுக்கினாரு.

ஜூலை 13, சனி
தலைவலி. கூட்டத்துல பேச எழுதறேன், கிழிக்கறேன். "ஐயா பெரியவங்களே"ன்னு ஆரம்பிச்சா எலெக்‌ஷன் மாதிரி கீது. ரஹீமா போன்ல சிரிச்சா. கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஜூலை 14, ஞாயிறு
வெயில். கரண்ட் போறதுக்குள்ள என் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கினு இருந்தேன். நைனா அவரோட வெள்ளை சட்டையைக் கொண்டாந்து மேசை மேல வச்சாரு. "இதையும் போட்ரு. கூட்டத்துல எந்திரிச்சு நிக்கணும்."

காலர்ல ஒரு சுருக்கம் இல்லாம போட்டுக் குடுத்தேன்.