ஓடைப்பட்டிக்கு இன்னும் வராத உன் மகள்

என் கூடப் பிறந்த செல்விக்கு,

உன் மகள் ரம்யா இன்னும் ஓடைப்பட்டிக்கு வந்து சேரவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அத்தை மகன் என்று உன்னை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தோம். மண்சரிவு உங்கள் இருவரையும் வாரிக்கொண்டு போன அன்று, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விளையாடிக்கொண்டிருந்ததால் அவள் தப்பினாள். இப்போது நுவரெலியாவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறாள். நம் ரத்தம்தானே, போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். பெரியம்மா என்றாலும் நான் வெளிநாட்டுக்காரியாம். கோர்ட்டில் தத்து எடுத்தால்தான் பிள்ளையைக் கூட்டிவர விடுவார்களாம்.

அதற்குப் பிறகு நான் ஏறாத பஸ் இல்லை. சென்னையில் தத்து ஆபீசுக்குப் போனால், தேனியில் போலீஸ் சான்றிதழ் வாங்கி வா என்பார்கள். வாங்கிக்கொண்டு போனால், கையெழுத்துப் போடுகிறவர் லீவு. ஒரு தடவை திருச்சி விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். இலங்கையில் சண்டை, பிளேன் போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கொண்டுபோன நம் தோட்டத்துத் திராட்சை பையிலேயே புளித்துப்போனது.

ஒரு வழியாக இலங்கைக் கோர்ட்டில் நாள் கொடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் நேரில் நிற்க வேண்டும். அந்த நாள் சித்திரையில் வந்து விழுந்தது. உன் மச்சான், அதான் என் வீட்டுக்காரர், பிள்ளை நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வீரபாண்டி கௌமாரிக்கு அக்கினிச்சட்டி நேர்ந்து காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாதே.

"காப்ப அவுத்து வச்சிட்டு வாங்க. அந்தப் பிள்ளைக்காகத்தான நேந்தீக" என்றேன்.

"அதான் பயமா இருக்கு. ஆத்தாளுக்குக் கட்டுனத அவுத்துட்டுப் போயி, பிள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

அழுதுகொண்டே சொல்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது? தனியாகப் போய் நின்றேன். கணவர் எங்கே என்று நீதிபதி கேட்டார். காப்பைப் பற்றிச் சொன்னேன். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொன்னார்களோ, வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார். யாருக்காகக் கட்டிய காப்பு அது, செல்வி? அந்தக் கௌமாரிக்குக் கண் இல்லையா?

திருவிழா முடிந்தது, உன் மச்சான் சட்டியும் எடுத்துவிட்டார். புது நாள் மட்டும் வரவில்லை. எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

நேற்று இல்லத்துக்குப் போன் போட்டேன். ரம்யாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வழக்கம்போல, "பெரியம்மா சீக்கிரம் வாறேன் தாயி" என்றேன்.

"வாறேன்னு சொல்ல வேணாம் பெரியம்மா. வந்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அஞ்சு வயசுப் பிள்ளை.

இனி அவளிடம் அதைச் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்கிறேன். நாள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நாங்கள் இருவரும் கிளம்புவோம். பிள்ளையைக் கையில் கொடுக்கிற வரைக்கும் அங்கேயே கிடப்போம். உன்னிடம் சொன்னால் பாவமில்லை. நீ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாய்.

இன்னும் அவளுக்குப் பெரியம்மாவாக மட்டுமே இருக்கிற
உன் அக்கா,
மல்லிகா