மியூசியத்தில் விட்ட குடை

மே 8. ஜீவனஹள்ளி. சாயங்காலம் மழை, கரண்ட் இல்லை.

பெட்டி கட்டியாச்சு. புளியோதரைப் பொடி, பாரிஸில் இருக்கும் மகள் ஷீலாவுக்கு இரண்டு பாட்டில் ஊறுகாய், என் மாத்திரை, ஸ்வெட்டர். அவருடைய ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தேன். அவள் எங்கள் இரண்டு பேருக்கும்தான் டிக்கெட் போட்டாள். அவர் நெஞ்சுக்கு விமானம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச் சுரங்கத் தூசி. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருமல் மட்டும் விடவில்லை. அவருக்குத் துணையாக என் தம்பி வந்திருக்கிறான்.

“நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு. நான் இன்னா ஓடியா போயிடப் போறேன்?”

அந்தப் பயம்தான் எனக்கு.

மே 14. பாரிஸ். தூறல்.

அந்தப் பேர் பெற்ற மியூசியம், காலையிலிருந்து சாயங்காலம் வரை. கால் வீங்கிவிட்டது. வாசலில் குடையை வாங்கி வைத்துக்கொண்டு நம்பர் போட்ட டோக்கன் கொடுத்தார்கள்.

உலகமே பார்க்க வரும் படத்தின் முன்னால் திருவிழாக் கூட்டம். தலைகள்தான் தெரிந்தன. எனக்குப் பிடித்தது மூலையில், யாரும் நிற்காத ஒரு சின்னப் படம். இருட்டு அறை. ஒருத்தி மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். இருட்டைக் கறுப்பாகப் போடவில்லை, ஒருமாதிரி பழுப்பு. சுரங்கத்தில் இருட்டு கறுப்பு இல்லை என்று அவர் சொல்லுவார். பின்னே என்ன நிறம் என்று கேட்டால், யோசித்துவிட்டு டீ கேட்பார். இங்கே என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கவே கூடாது.

பின்னால் ஒரு பெண் புருஷனைக் கன்னடத்தில் கூப்பிட்டாள்: “ரீ, இல்லி நோட்ரீ!” இங்கே பாருங்கள் என்று. நானும் திரும்பினேன். அவனும் வந்து பார்த்தான்.

மூடும் நேரம். எல்லோரையும் விரட்டி, வேறு வாசல் வழியாக வெளியே விட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் பர்ஸில் டோக்கன். “போனா போவுதும்மா, பழைய குடைதானே” என்றாள் ஷீலா.

ஃபோனில் அவரிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

“டோக்கன எடுத்துக்கினு யாராச்சும் வீட்டுக்கு வருவாங்களா? சுரங்கத்துல ஷிஃப்ட்டு முடிஞ்சா டோக்கன் போர்டுல அவனவன் ஆணிக்கு வந்துரணும். வரலன்னா ஆள் இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். தேட எறங்குவாங்க.”

“இது குடைக்குக் குடுத்ததுங்க.”

“எதுக்கா இருந்தா இன்னா? காலையில மொத வேலையா குடுத்துடு.” இருமல். சரி என்றேன்.

மே 15. மழை இல்லை.

இரண்டு ரயில் மாறிப் போய்க் கொடுத்தேன். குடை கிடைத்தது. இதற்காகவா வந்தாய் என்பது போல கவுன்ட்டர் பெண் பார்த்தாள். ஷீலா முகம் உர்ரென்று. படத்தை இன்னொரு தடவை பார்க்க ஆசை. வரிசை தெருமுனை வரை. விட்டுவிட்டேன். அவருக்கு மெசேஜ்: கொடுத்தாச்சு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

மே 20. ஜீவனஹள்ளி. வெயில்.

இளைத்திருக்கிறார். தம்பி சமையல், கேட்கவா வேண்டும்.

ஃபோனில் எடுத்து வந்த மெழுகுவர்த்திப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, வெகுநேரம் பார்த்தார்.

“இதான் கலரு.”

எழுந்து போய்த் தன் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பித்தளை டோக்கன், நம்பர் பாதி தேய்ந்து. சுரங்கத்தை மூடிய அன்றைக்கு எல்லாம் ஒப்படைச்சாச்சு என்று என்னிடம் சொன்ன மனுஷன்.

“டோக்கன் குடுக்க என்னை மட்டும் ஓட விட்டீங்களே?”

“குடுத்துட்டா முடிஞ்சிடும்ல, எஸ்தரு.”

போர்டில் அவர் ஆணி இன்னும் காலி. ஆள் கீழேதான் இருக்கிறார். இத்தனை வருஷமும் என் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.