கேஸ் என்கிற சொல்

ஜனவரி 19, திங்கள்

அம்மாவிடம் இன்று சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அண்ணன் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் வால்வு கசிகிறது.

காலையில் பனி. ரோட்டுக்கு மேற்கே ஃபேக்டரியின் புகைபோக்கிகள் பாதிவரைதான் தெரிந்தன. தண்ணீர் லாரி வரவில்லை. அடிபம்பில் நானும் அண்ணனும் குடத்தோடு நின்றபோது சொன்னான். அம்மோனியா டேங்கிலிருந்து வரும் குழாய். ஈரச் சாக்கைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். வேலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வருடாந்தர ஷட்டவுன் வரை தாங்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"ஒரு நாளைக்கி புட்டுக்கும் பாப்பா. சைரன் அடிச்சா வெளிய வராத. கதவ சாத்திகினு ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கோ. அப்டியே ஓடுனாலும் மேற்கால மட்டும் ஓடாத."

அம்மாவிடம் நீயே சொல்லேன் என்றேன்.

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா. எவன் சொன்னான்னு உடனே கண்டுபுட்ச்சிருவானுங்க. இப்பதான் பர்மனன்ட் லிஸ்ட்ல என் பேரு வந்துகீது."

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அவன் ஒப்பந்தக் கூலி. சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னான். கேஸ் வரும்போது சத்தமே இருக்காதாம்.

விம்கோ நகரில் ரயில் ஏறியதும் போனில் அகராதியைத் திறந்தேன். பயம் வந்தால் எனக்குச் சொல்லின் வேரைப் பார்க்க வேண்டும். சிலர் நகம் கடிப்பதுபோல.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். ஆபீஸில் வேலை குறைவு. மத்தியானம் சாப்பாடு: எலுமிச்சை சாதம், பாதி.

கேஸ். ஐரோப்பாவில் பழைய காலத்து வைத்தியர் ஒருவர் கரியை எரித்துப் பார்க்கிறார். சாம்பலை நிறுத்தால் எடை குறைகிறது. ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பேர் இல்லை. கிரேக்கத்தின் 'காவோஸ்' என்ற சொல்லைத் தன் ஊர் வாயில் போட்டு அவர் சொன்னதுதான் இது. காவோஸ்: உலகம் உண்டாகும் முன்னால் இருந்த வெறும் பிளவு. அதற்கும் உள்ளே போனால், கொட்டாவி விடுவதுபோல் வாய் பிளத்தல்.

பாரசீகத்தில் கிட்டத்தட்ட இதே ஒலியில் வேறொரு சொல். உறவு கிடையாது. பொருள்: பல்லால் கடிப்பது.

பிளந்த வாய், கடி. ரயிலில் படிக்கத் தக்க விஷயம் இல்லை.

நம் பக்கம்: கல்யாண ஊர்வலத்து விளக்கை அம்மா இன்னும் 'கியாஸ் லைட்டு' என்பாள். அடுப்பு கேஸ். வயிற்று கேஸ். பிறகு இங்கிலீஷில் வேறாக எழுதி, தமிழில் ஒன்றாகிப்போனவை. போலீஸ் கேஸ்: லத்தீனில் 'விழுதல்'. ஒருவன்மேல் வந்து விழுந்தது. நான் நாள் முழுக்க டைப் அடிக்கும் சரக்குப் பட்டியல்களில் வரும் மரக் கேஸ் இன்னொரு வேர்: 'பெட்டி'.

திரும்பும்போது ரயிலில் இரண்டு பேர். ஒருவர் ராத்திரி பூரா கேஸ், தூக்கமே இல்லை என்றார். மற்றவர், "இன்னாத்துக்கு மாமு பயப்படுற, நல்ல வக்கீலா புடி" என்றார். பெட்டியே சிரித்தது. நானும்.

வீட்டுக்கு வந்தால் அண்ணனின் சட்டை கொடியில். வேலைக்குப் போட்டுப்போன சட்டை, துவைத்தும் நெடி மூக்கில் ஏறுகிறது.

ஜனவரி 21, புதன்

விடிந்ததும் தெருவில் நெடி. குத்தும் நெடி, கண் ஓரம் ஈரம். பக்கத்து வீட்டு ராணியக்கா வாசலில் வந்து நின்று, "யார் வூட்லடி கேஸ தொறந்து வுட்டுகீறீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு வீடாகப் போய் சிலிண்டரை மூடினார்கள். பிறகு வழக்கம்போல ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள், நெடி வெளியே போகட்டும் என்று. நெடி வெளியிலிருந்துதான் வந்தது. நான் எங்கள் ஜன்னலை மட்டும் சாத்தினேன். அம்மா வந்து திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. விடிகாலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், ஃபேக்டரியைத் தாண்டி, எங்களைத் தாண்டி. வெயில் ஏறியதும் திரும்பிவிடும்.

மாலை, அம்மா மீன் கழுவும்போது பேச்சை எடுத்தேன். சைரன் அடித்தால் வீட்டுக்குள்ளேயே இரு, கதவைச் சாத்திக்கொள் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

அம்மா செதிள் ஒட்டிய கையோடு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி வூட்டுக்குள்ள இருந்தவங்கள்லாம் இன்னா ஆனாங்க? உங்கப்பன் இன்னா ஆனான்?"

சுனாமியன்று அப்பா வலையை எடுக்கத் திரும்பி உள்ளே போனவர். அம்மா என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு, அண்ணனை முந்தானையைப் பிடிக்கவிட்டு, சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்தபடி மேற்கே ஓடினாள். ரோட்டைத் தாண்டி ரயில் பாதை வரை. சத்தம் கேட்டுப் பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தத் தட்டு இன்னும் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, கரண்டியோடு. யாரும் அதில் சாப்பிடுவதில்லை.

தெருவின் சட்டம்: ஷிப்டு நேரத்துக்கு அடிக்காத சைரன் எல்லாம் கடல்தான். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வருஷா வருஷம் ஒத்திகை. அம்மா தட்டோடு முன்னால், தெரு பின்னால். மேற்கே.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு, ஷட்டவுன் அடுத்த மாசம்தான், அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது என்றான்.

ஜனவரி 22, வியாழன்

மேகமூட்டம். வாங்க வேண்டியவை: புளி, அம்மாவின் பிரஷர் மாத்திரை, செருப்புக்கு ஊக்கு.

ரோட்டோரத்து முருங்கை மரம். மேற்குப் பக்கக் கிளைகளில் இலை எல்லாம் பழுப்பு, காகிதம்போல. கிழக்குப் பக்கம் பச்சை. பூ பறிக்க வந்த ராணியக்கா பச்சைப் பக்கமாகவே பறித்துக்கொண்டு போனாள்.

'காவோஸ்' பற்றி மேலும் தேடினேன். நிறுத்திவிட்டேன். சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து என்ன. அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்.

நாளை சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வால்வு, சாக்கு, எல்லாம். அண்ணன் கோபித்துக்கொள்வான். இன்றே சொல்லியிருக்கலாம். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. சரக்குப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் ரயில் ஏறிய பிறகு சைரன். ஷிப்டு நேரம் இல்லை. பனி, காற்று கடல் பக்கம். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினாள். தெரு பின்னால்.

அண்ணன் உள்ளே வேலையில் இருந்தவன். முகத்தில் ஈரத்துணியோடு ரோட்டுப் பக்க மதிலேறிக் குதித்திருக்கிறான், வீட்டுக்கு ஓட. ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து தட்டுச் சத்தம் தன்னை நோக்கி வந்தது என்கிறான். திரும்பிப் போங்க என்று கத்தினானாம். துணியைக் கழற்றிவிட்டுக் கத்தினானாம். சத்தம் நிற்கவில்லை, கிட்ட வந்தது. பிறகு நின்றது.

ராணியக்காவின் இரண்டு கண்ணிலும் கட்டு. என் கையைத் தடவி, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சிடி?" என்று கேட்டாள்.

தண்ணீர் வரவில்லை, கேஸ் என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. சிலிண்டரை மூடிவிட்டுத்தான் ஓடினேன் என்றாள்.

வார்டு ஆள் வராந்தாவில் வந்து கேட்டார்: "நீ எந்த கேஸுக்கு வந்த ஆளும்மா?"

அம்மாவின் பேரைச் சொன்னேன். மேலே போகச் சொன்னார்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி வந்தது.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை அம்மா இறந்துபோனாள். தட்டு மதிலோரம் கிடைத்தது, கரண்டி கிடைக்கவில்லை.

அண்ணனை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கருணை அடிப்படையில். இன்று காலை ஷிப்டுக்குப் போனான்.