பனிக்குள்ள பறிச்ச கொழுந்து

நுவரெலியா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஷிராணி அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்துல நான் சுகம். உங்க இருமல் நின்னுச்சா?

கோல்ஃப் மைதானத்துல துரைமாருக்குப் பை தூக்குறேன். முன்னால ஆடுறவங்க ரொம்ப மெதுவு. அவங்க நகர்ற வரைக்கும் பனிக்குள்ள நிக்கணும். இதையும் நின்னுக்கிட்டேதான் எழுதுறேன்.

நேத்து அப்படி நிக்கையில நம்ம வட்டவளைத் தேயிலை மலையில செடி வரிசைக்குள்ள நெரை புடிச்சு நிக்கிற மாதிரியே இருந்துச்சு. பார்த்தா, என் கை பாட்டுக்கு வேலிச்செடியில கொழுந்து பறிச்சு, துரையோட பை நெறையப் போட்டிருக்கு! அவரு சிரிச்சிட்டாரு, பயப்படாதீங்க.

கைக்கு வேலை வேணுங்க. கம்பளி நூலும் ஊசியும் பஸ்ஸுல குடுத்து விடுங்க. ஷிராணிக்குத் தொப்பி பின்னுறேன். அவ தலையைக் கயித்தால அளந்து அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்ச அளவு போன கிறிஸ்மஸ்ல பார்த்தது.

அந்தா, நகர்ந்துட்டாங்க. ஓடுறேன்.

பெற்றீசியா