அடிக்காத மணி

ஜூலை 6

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று பள்ளத்தில் விழுகிறது. போனில் பேசலாமே என்பாய். இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுதக் கற்றவன் கை சும்மா இருக்குமா?

உன் மகள் நலம். பள்ளியில் ஆளுக்கொரு ஆய்வு செய்து, ஒரு பொருளை வடிவமைத்துக் கண்காட்சியில் வைக்க வேண்டுமாம். அவள் கூட்டாளிகள் பாதிப் பேர் மார்க்குக்காக முனகிக்கொண்டு செய்கிறார்கள். இவளோ சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. மொட்டைமாடித் தொட்டி வழிந்து கீழ்வீட்டுத் தையல்காரர் துணியெல்லாம் நனைகிறதல்லவா? அதற்குத்தான் ஒரு மணி செய்கிறாள். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் மிதவை எழும்பி ஸ்விட்சைத் தொட, மணி அடிக்கும். எங்கள் வீட்டுக் குறுகலான சின்ன டிரம்மில் வைத்துப் பார்த்தோம், அடித்தது! தையல்காரர், "பெரியவரே, இனிமே என் மதியத் தூக்கமும் போச்சா?" என்றார்.

அடுத்த ஆண்டும் ஆய்வு வகுப்பில் தொடர வீட்டார் சம்மதம் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

உன் அப்பா

ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து டியூட்டிக்கு நடுவே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே அழுதுவிட்டேன். ஆனால் பெண் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பரிசு வாங்கினால் ஆய்வு வகுப்பு, இல்லையென்றால் டியூஷன். அந்த மணியைக் கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். வாங்கிக் கொடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நேரத்துக்கு மாத்திரை போடுங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 28

அன்பு மகளுக்கு,

கடை விஷயத்தை அவளிடம் சொன்னேன். "தாத்தா, அப்ப உங்க மாலை வகுப்புப் பரீட்சைய நான் எழுதட்டுமா?" என்றாள். அப்புறம் கடைப்பக்கமே போகவில்லை.

கண்காட்சிக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு ரோபோ. நடுவர் பையனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் அப்பா பதில் சொன்னார். நம் பெண் ஓர் அகல வாளியில் மணியை மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். நிரம்பியது. மணி அடிக்கவில்லை. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினாள்.

நடுவராக வந்த அம்மாள், "என்ன கண்டுபிடிச்சே? உன் மணிதான் அடிக்கலையே" என்றார்.

"அதாங்க மேடம்! எங்க டிரம் குறுகல். மிதவை நேரா மேல வந்துச்சு. வாளி அகலம். ஸ்விட்சுல படாம பக்கத்துல ஒதுங்கிடுச்சு. மொட்டைமாடித் தொட்டி இன்னும் அகலம், அங்கயும் அடிச்சிருக்காது. நல்லவேளை, இன்னிக்கே தெரிஞ்சுது! மிதவையச் சுத்தி ஒரு குழாய் மாட்டணும்."

அதைக் கேட்டு ரோபோப் பையன் தன் அப்பாவை விட்டுவிட்டு இங்கே வந்து வாளியைப் பிடித்துக்கொண்டான். தோற்றுப்போன பொருளைச் சுற்றி அத்தனை பிள்ளைகள்! நான் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். திட்டாதே.

பரிசு ரோபோவுக்கு. உன் நிபந்தனை எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தோற்றதும் துள்ளிக் குதிக்கிற பிள்ளையை வேறெங்கே அனுப்புவது? உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். மறுபடி கேட்டாலும் போடுவேன்.

இப்போது மாடியில் குழாய் அறுக்கும் சத்தம். தையல்காரரும் மேலே ஏறிவிட்டார். மணி அடித்ததா இல்லையா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். கோபமிருந்தால் அதற்குள் நாலு வரி திட்டி எழுது. எழுத்துக் கூட்டி முழுவதும் படிப்பேன்.

உன் அப்பா