உன் ஹெல்மெட் என் தலையில் நிற்கவில்லை, ஜெசிந்தா

அடி என் ஜெசிந்தா, என் செல்ல ராட்சசியே,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் குதிரை ஓட்டுகிறேன்! வெறும் நடை இல்லை, ஓட்டமே வருகிறது. பாதல் என்று ஒரு சாம்பல் நிறக் குதிரை என்னைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சாங்வியில் குடியிருந்துகொண்டு, ஹிஞ்சேவாடி போகிற கம்பெனி கேபில் வாயைப் பிளந்து தூங்குவாளே, அதே கோமதிதான். நீ பார்த்திருந்தால் விசிலடித்திருப்பாய்.

போன வருஷம் நீதான் நம் இரண்டு பேர் பெயரையும் அந்தக் குதிரைப் பள்ளியில் கொடுத்தாய். வகுப்பு தொடங்குவதற்குள் உனக்குப் பொறுக்கவில்லை, கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய்க் கறுப்பு ஹெல்மெட் ஒன்று வாங்கிவந்துவிட்டாய். உன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நீ போட்டுப் பார்த்தாய், பிறகு நான் போட்டுப் பார்த்தேன்.

"பாத்தியாடி, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கு. மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். வேலிக்கு வெளிய போற அன்னிக்கு மட்டும் உனக்கு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாய். பள்ளி மைதானத்தின் வேலியைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆற்றங்கரை வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குதிரையில் போகவேண்டும். அதுதானே நம் திட்டம்? அதற்குள் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. அந்த ஹெல்மெட் ஒருநாள்கூடக் குதிரை பார்க்கவில்லை.

நீ போன பிறகு உன் மகள் ரீனா அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "மம்மி உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பெண் அப்புறம் யாரிடமும் சரியாகப் பேசவே இல்லை. காலேஜுக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வாராவாரம் போய் அந்தக் கதவைத் தட்டுவேன்.

உனக்குத் தெரியாத ஒரு கூத்து இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் வீட்டார் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் என் பங்குக்கு, நீ எழுந்து வந்தால் பழனியில் மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நீ எழுந்து வரவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் உன் பெயரில் சொன்ன சொல் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை, போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். "எனக்காக உன் சாமிகிட்ட ஏன்டி மல்லுக்கு நிக்கறே?" என்று நீ சிரிப்பது கேட்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில்கூட மொட்டைத் தலையோடுதான் கேமராவைப் போட்டேன், தெரியுமா?

நீ போனபின் தனியாகவே அந்தப் பள்ளியில் சேர்ந்து ஓட்டக் கற்றுவந்தேன். பழனியிலிருந்து திரும்பி வந்த முதல் வகுப்பிலேயே எங்கள் பயிற்சியாளர் ஷர்வரி அடுத்த ஞாயிறு என்னை வேலிக்கு வெளியே அழைத்துப் போவதாகச் சொன்னாள். அதுவரைக்கும் பள்ளியின் ஹெல்மெட்டில்தான் ஓட்டினேன். உன்னுடையதை அந்த நாளுக்கென்றே எடுத்துவைத்திருந்தேன். நீ கூட வரமுடியாது, உன் ஹெல்மெட்டாவது வரட்டுமே என்று நினைத்தேன். தப்பா?

அந்த ஞாயிறு காலையில் குளித்து, பொட்டு வைத்து, உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஷர்வரி வாரைக்கூட மாட்டச் சொல்லவில்லை. "தலையை ஆட்டுங்க" என்று இந்தியில் சொன்னாள். நான் வலப்பக்கம் திரும்பினேன், ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது!

"நஹி சலேகா, மேடம்", இது ஆகாது என்று அவள் கையை விரித்தாள். நான் விடுவேனா? துப்பட்டாவை மடித்து உள்ளே திணித்துக்கொண்டு மறுபடி வந்தேன். அவள் அதை உருவிப் போட்டாள். துணி வைத்தால் விழும்போது ஹெல்மெட் நழுவும், வாரை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை என்றாள். அப்புறம்தான் விளக்கினாள்: உன் தலை உருண்டை, என் தலை நீளம். முன்னால் நெற்றியையும் பின்னால் பிடரியையும் பிடிக்கிறது, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இடைவெளி. உன் வீட்டில் போட்டுப் பார்த்த அன்றைக்கு அந்த இடைவெளியை அடைத்துவைத்திருந்தது என் முடி. அதைத்தான் பழனியில் கொடுத்துவிட்டேனே!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உனக்காகக் கொடுத்த முடியே உன் ஹெல்மெட்டை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டது. பாதலின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு வேலிக்கு வெளியே போகவில்லை.

நேற்று புதிது வாங்கக் கிளம்பினேன். "தனியாப் போனா எவனாவது பெரிய சைஸைத் தலையில கட்டிடுவான், கூட வா" என்று ரீனாவை இழுத்துக்கொண்டு போனேன். உன் ஹெல்மெட்டையும் அளவு காட்ட எடுத்துக்கொண்டோம். அதே கடைதான். கடைக்காரர் முதலில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை நீட்டினார், நான் முறைத்ததும் குதிரைக்கானதை எடுத்தார். ஷர்வரி சொல்லிக்கொடுத்த பரீட்சை எல்லாம் வைத்தேன். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், வார் காதைச் சுற்றிக் கீழே சேரவேண்டும், தலையைக் குனிந்து உதறினாலும் நெற்றித் தோலோடு சேர்ந்து அசையவேண்டும். எத்தனை போட்டுக் கழற்றினேனோ, கடைசியில் நீளத் தலைக்கென்றே ஒன்று கிடைத்தது. முடி வளர்ந்ததும் உள்ளே இருக்கிற பஞ்சை மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாமாம். கண்ணாடியில் பார்த்தேன், காளான் மாதிரிதான் இருந்தேன். ஆனால் அசையவில்லை, ஜெசி!

ரீனாவிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அவள் இன்னொரு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலையில் உன் ஹெல்மெட்.

குனிந்தாள். உதறினாள். இடமும் வலமும் ஆட்டினாள். புருவம்தான் ஏறி இறங்கியது, ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"ஆன்ட்டி... இது எனக்கு... பரோபர்... சரியா இருக்கு" என்றாள். மராத்தியும் தமிழும் கலந்த அவளுடைய அந்தத் தட்டுத்தடுமாறிய பேச்சைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது! பிறகு, "மம்மி தலையும் இப்படியேதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். உன் தலையை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், நான் இதுநாள் வரை பார்க்கவே இல்லை. கடைக்குள்ளேயே அவளைக் கட்டிக்கொண்டேன், இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டிக்கொண்டன. அவள் சிரித்தாள். நீ சிரிக்கிற அதே சிரிப்பு.

உடனே ஷர்வரிக்கு போன் போட்டேன். உன் ஹெல்மெட் எங்கேயும் விழுந்து அடிபடாததுதானா என்று கேட்டுக்கொண்டாள், நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவாளாம். நாளைக் காலை ரீனாவுக்கு முதல் வகுப்பு. அவள் இப்போதே காலணியைத் துடைத்து வைத்திருக்கிறாள்!

எனக்கு நாளைக்கே வேலிக்கு வெளியே போகலாம் என்று அனுமதி இருக்கிறது. போகமாட்டேன். நான் பொறுமைசாலி இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு: உன் பெண் ஓட்டக் கற்றுக்கொள்கிற வரைக்கும் அந்த வேலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன். ஆற்றங்கரைக்குப் போகிற அன்று உன் ஹெல்மெட் என் பக்கத்துக் குதிரையில் வரும்.

உன் ரீனாவுக்குப் பெரியம்மாவாக இருக்கிற,
கோமதி